பேலியேட்டிவ் கேர் என்றால் குழந்தையைக் கைவிட்டுவிட்டார்கள் என்றா அர்த்தம்?

உங்கள் தங்கைக்கு 26 வாரத்திலேயே பெண் குழந்தை பிறந்துவிட்டது. எடை 810 கிராம். பிறந்து 9 நாள் ஆகிறது, இன்னும் வென்டிலேட்டரில்தான் இருக்கிறாள். மூளையில் நான்காம் நிலை ரத்தக்கசிவு என்று ஸ்கேனில் வந்திருக்கிறது. நேற்று டாக்டர் உங்கள் மாப்பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு, “பேலியேட்டிவ் டீமிடம் ஒருமுறை பேசுங்கள்” என்று சொல்லியிருக்கிறார். தங்கைக்கு இது எதுவும் தெரியாது. பச்சை உடம்புக்காரியிடம் சொல்லக் கூடாது என்று உங்கள் அம்மா தடுக்கிறார். குழந்தையைக் கைவிட்டுவிட்டார்களா, வேறு பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்ற வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் கேள்வியை இரண்டு மூன்று முறை படித்தேன். மேலே தெரிவது டாக்டர்களைப் பற்றிய கேள்வி. அதற்குள்ளே இருப்பது, ‘தாய்மாமனாக நான் இப்போது என்ன செய்வது, தங்கையிடம் சொல்வதா மறைப்பதா’ என்ற கேள்வி என்று எனக்குப் படுகிறது. இரண்டுக்கும் சொல்கிறேன். 17 வருடம் பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருந்தேன். கடந்த 6 வருடமாக வீடுகளுக்குப் போய்க் குழந்தைகளைப் பார்க்கும் ஆதரவு சிகிச்சைக் குழு ஒன்றில் வேலை செய்கிறேன். நான் டாக்டர் இல்லை, உங்கள் மருமகளின் ஸ்கேனையும் பார்த்ததில்லை. அவள் பிழைப்பாளா என்பதற்கு மட்டும் என்னிடம் பதில் எதிர்பார்க்காதீர்கள்.

முதல் கேள்விக்கு நேராகவே பதில்: இல்லை, கைவிடவில்லை. குழந்தைகளுக்கான பேலியேட்டிவ் கேர், நம் ஊர் அரசாங்கக் காகிதங்களில் வரும் பெயர்படி ‘நோய் ஆதரவு சிகிச்சை’, கடுமையான நோய் என்று தெரிந்த நாளிலேயே தொடங்க வேண்டியது. நோய்க்கான சிகிச்சை நடந்தாலும் நடக்காவிட்டாலும் கூடவே போக வேண்டியது. உலக சுகாதார நிறுவனம் 1998-லிருந்தே அப்படித்தான் சொல்கிறது. குழந்தையின் உடம்பு, மனம் இரண்டையும் பார்ப்பதோடு குடும்பத்தைத் தாங்குவதும் அந்த வரையறைக்குள் வருகிறது. நாளை அந்தக் குழுவை நீங்கள் பார்த்துவிட்டு வந்தால் வென்டிலேட்டர் நிற்காது, ஆன்டிபயாடிக் நிற்காது. வலி தணிக்க ஒருவர், உங்களோடு உட்கார்ந்து பேச ஒருவர் என்று ஆட்கள் கூடுவார்கள், அவ்வளவுதான். அதே சமயம் இன்னொன்றையும் சொல்லவேண்டும். சும்மா எந்த டாக்டரும் இந்தப் பேச்சை எடுக்க மாட்டார். குழந்தையின் நிலை மோசம் என்று அவர் நினைக்கிறார், அது உண்மைதான்.

நம்மிடையே இந்தப் பயம் வந்ததற்குக் காரணம் உண்டு. பேலியேட்டிவ் என்றாலே கடைசிக் கட்டப் புற்றுநோய் என்றுதான் பலரும் கேள்விப்பட்டிருக்கிறோம். குழந்தைகள் விஷயத்தில் அது தொடங்கிய கதையே வேறு. இங்கிலாந்தில் ஹெலன் என்ற சிறுமிக்கு மூளைக்கட்டி. அவளை இரவும் பகலும் பார்த்து ஓய்ந்துபோன பெற்றோர் கொஞ்சம் தூங்கட்டும் என்று ஃபிரான்செஸ் டொமினிகா என்ற கன்னியாஸ்திரி, சில நாள் குழந்தையைத் தன்னிடம் வைத்துப் பார்த்துக்கொண்டார். அதிலிருந்து வளர்ந்து 1982-ல் ஆக்ஸ்போர்டில் திறந்ததுதான் ‘ஹெலன் ஹவுஸ்’, குழந்தைகளுக்கென்றே வந்த முதல் ஹாஸ்பிஸ், அதாவது ஆதரவு சிகிச்சை இல்லம். பெற்றவர்களுக்குத் தோள் கொடுப்பதில்தான் அது ஆரம்பித்தது. நமக்குப் பக்கத்தில் கோழிக்கோட்டில் 1993-ல் தொடங்கிய வலி தணிப்பு அமைப்பும் அக்கம்பக்கத்துக்காரர்களையே தொண்டர்களாகச் சேர்த்துக்கொண்டு வளர்ந்தது.

இப்போது ரத்தக்கசிவைப் பற்றி. குறைமாதக் குழந்தையின் மூளைக்குள் இருக்கும் சின்ன ரத்தக்குழாய்கள் ஈரத்தாள் மாதிரி. பெரும்பாலும் பிறந்த முதல் மூன்று நாளுக்குள் அவை கசிகின்றன. உச்சிக்குழி வழியாக அல்ட்ராசவுண்ட் வைத்து அதைப் பார்க்கிறார்கள். நான்காம் நிலை என்றால் கசிவு மூளைத் திசுவையே பாதித்திருக்கிறது. இதுவரை நிச்சயம். இந்தக் குழந்தைகளில் பலர் இறந்துபோகிறார்கள், பிழைப்பவர்களில் பலருக்குக் கை கால் இறுக்கம், வலிப்பு, தலையில் நீர் சேர்வது போன்றவை வருகின்றன, இதுவும் நிச்சயம். ஆனால் ‘இந்தக் குழந்தைக்கு’ எது, எவ்வளவு என்பது 9-ஆம் நாளில் யாருக்கும் தெரியாது. ஒரு பக்கம் மட்டும் கசிந்ததா, இரண்டு பக்கமுமா என்பதிலேயே நிறைய மாறும். நான் பார்த்த குழந்தைகளில் ஒருவன் இன்று பள்ளிக்கூடம் போகிறான், இடது காலை மட்டும் கொஞ்சம் இழுத்து நடப்பான். அவனைவிடக் குறைவாகக் கசிந்த ஒரு பெண் குழந்தை மூன்று மாதம்கூட இருக்கவில்லை. டாக்டர் “இப்போதைக்குச் சொல்லமுடியாது” என்றால் அவர் மழுப்புகிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பல நேரம் அதுதான் இருப்பதிலேயே நேர்மையான பதில். “உங்களுக்கு எது அதிகம் பயமாக இருக்கிறது, அடுத்த ஸ்கேன் எப்போது, அதில் எது தெரிந்தால் உங்கள் எண்ணம் மாறும்” என்று கேளுங்கள். இந்த மூன்று கேள்விக்கும் பெரும்பாலான டாக்டர்கள் உட்கார்ந்து பதில் சொல்வார்கள்.

வேறு ஆஸ்பத்திரி வேண்டுமா? இன்னொருவரின் கருத்து கேட்பது உங்கள் உரிமை, யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் அதற்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. ஸ்கேன் படங்களும் கேஸ் சுருக்கமும் போனால் போதும். வென்டிலேட்டரில் இருக்கும் 810 கிராம் குழந்தைக்கு ஆம்புலன்ஸ் குலுங்குவதே ஆபத்து. இங்கே இல்லாத ஒரு குறிப்பிட்ட சிகிச்சை, உதாரணமாகத் தலையில் நீர் சேர்ந்தால் அறுவை சிகிச்சை, அங்கே இருக்கிறது என்றால்தான் மாற்றுவதில் அர்த்தம் உண்டு.

வலியைப் பற்றி உங்கள் அம்மா கேட்டதாக எழுதியிருந்தீர்கள், “அழவே இல்லையே, வலிக்காதோ?” என்று. வலிக்கும். ஒரு காலத்தில் மருத்துவ உலகமே அம்மா மாதிரிதான் நினைத்தது. பச்சைக் குழந்தைகளுக்குச் சரியான மயக்க மருந்துகூடக் கொடுக்காமல் அறுவை சிகிச்சை செய்த காலம் உண்டு. கே.ஜே.எஸ். ஆனந்த் என்ற இந்திய வம்சாவளி மருத்துவரின் ஆய்வுகள் வந்தபிறகு, 1987 வாக்கில்தான் அது மாறத் தொடங்கியது. வென்டிலேட்டர் குழாய் குரல்வளை வழியாகப் போவதால் அவள் அழுதாலும் சத்தம் வராது. முகத்தைப் பாருங்கள். புருவத்துக்கு நடுவே சுருக்கம் விழும், கை விரல்கள் விசிறி மாதிரி விரியும், மானிட்டரில் ஆக்ஸிஜன் எண் இறங்கும். குதிகாலில் ரத்தம் எடுக்கும் முன் நாக்கில் ஒரு சொட்டுத் தாய்ப்பால் வைத்தால் அந்தச் சுருக்கம் குறைவதைக் கண்ணால் பார்க்கலாம். பெரிய வலிக்கும் மூச்சுத் திணறலுக்கும் மார்ஃபின், ஃபென்டனில் மாதிரி மருந்துகள் இருக்கின்றன. மார்ஃபின் என்றதும் “தூங்கவைத்து முடித்துவிடுவார்களோ” என்று குடும்பங்கள் பயப்படுவதை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். எடைக்குக் கணக்குப் பார்த்து, குறைவாகத் தொடங்கி, பார்த்துப் பார்த்து ஏற்றும்போது அது குழந்தையை நிம்மதியாக வைக்கிறது. அளவை முடிவு செய்வது டாக்டரின் வேலை. “வலி இருக்கிற மாதிரித் தெரிகிறது, பாருங்கள்” என்று சொல்ல மட்டும் நீங்கள் தயங்க வேண்டாம்.

சரி, தங்கையிடம் சொல்வதா என்ற கேள்விக்கு வருகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருடம், ஒரு அப்பா என் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டார், “சிஸ்டர், அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க.” நானும் சம்மதித்தேன். அந்த அம்மா கீழ் வார்டிலிருந்து பாலைப் பிழிந்து, ஸ்டீல் டம்ளரில் மூடி அனுப்பிக்கொண்டே இருந்தார். நாங்கள் வாங்கி வைத்துக்கொண்டே இருந்தோம். நாலாம் நாள் குழந்தை இறந்தது. மாமனார் வீட்டு ஆண்கள் வந்து வாங்கிக்கொண்டுபோய் அன்று சாயங்காலமே புதைத்துவிட்டார்கள். அந்த அம்மாவிடம் மறுநாள்தான் சொன்னார்கள். அவர் நேராக எங்கள் பிரிவின் வாசலுக்கு வந்து நின்று என்னிடம் கேட்டார், “நேத்து ராத்திரி குடுத்த பாலை என்ன பண்ணீங்க?” வேறு எதுவும் கேட்கவில்லை. அன்று நான் செய்தது தவறு. அதற்குப் பிறகு அந்த மாதிரி ஒரு வாக்கை நான் யாருக்கும் கொடுத்ததில்லை.

தாங்கமாட்டாள் என்பது அன்பில் சொல்வதுதான். ஆனால் உங்கள் தங்கைக்கு இப்போதே பாதி தெரியும். வீட்டுக்காரர் கண்ணைப் பார்த்துப் பேசாததும், நீங்கள் வந்ததும் பேச்சு மாறுவதும் அவளுக்குப் புரியாமலா இருக்கும்? மறைத்தால் அவள் தனியாகப் பயப்படுவாள். சொன்னால் கூட இருந்து அழ ஆள் இருக்கும். அவள் கணவரும் டாக்டரும் ஒன்றாக உட்கார்ந்து சொல்வது நல்லது, அவள் கேட்டால் நீங்களும் இருங்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்ட வேண்டாம். “டாக்டர் என்ன சொன்னார் என்று தெரிந்துகொள்கிறாயா?” என்று முதலில் கேட்டுவிட்டு, அவள் எவ்வளவு கேட்கிறாளோ அவ்வளவு சொல்லுங்கள். அழுதால் தண்ணீர் கொடுத்து நிறுத்தப் பார்க்காதீர்கள். ஒன்றை மட்டும் அவள் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள்: அவள் மாடிப்படி ஏறியதாலோ, பப்பாளி சாப்பிட்டதாலோ, கிரகணத்தன்று வெளியே வந்ததாலோ குழந்தை முன்னாலேயே பிறக்கவில்லை. தொற்று, ரத்த அழுத்தம், கருப்பை வாய் பலவீனம் என்று காரணங்கள் இருக்கலாம். பல பிரசவங்களில் காரணமே பிடிபடுவதில்லை. அவள் மேல் குற்றம் இல்லை. இதை உங்கள் அம்மா வாயால் சொல்லவைத்தால் நீங்கள் பத்து தடவை சொல்வதைவிட நன்றாக எடுபடும்.

உங்கள் தங்கை குழந்தையைப் பார்க்கப் போகட்டும். முழங்கை வரை கை கழுவி, மோதிரம் வளையல் கழற்றிவிட்டு, ஒரு கையைக் குழந்தையின் தலைமேலும் ஒரு கையைக் காலடியிலும் அசையாமல் வைக்கச் சொல்லுங்கள். தடவ வேண்டாம், குறைமாதத் தோலுக்குத் தடவுவது எரிச்சல். அழுத்தாமல் அணைத்து வைப்பதுதான் பிடிக்கும். நிலை அனுமதித்தால் வென்டிலேட்டரோடேகூட நெஞ்சில் தோலோடு தோலாகப் படுக்கவைக்கலாம், அதற்கு இரண்டு செவிலியர் கூட நிற்கவேண்டியிருக்கும். 1970களின் கடைசியில் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் போதாமல் தொடங்கிய கங்காரு பராமரிப்பை, 2022-ல் உலக சுகாதார நிறுவனம் எடை குறைந்த, குறைமாதக் குழந்தைகள் எல்லோருக்கும் பிறந்த உடனேயே தொடங்கச் சொன்னது. அது மூளைக்கசிவைச் சரிசெய்யாது. ஆனால் அம்மாவின் நெஞ்சில் படுத்த குழந்தையின் இதயத்துடிப்பு மானிட்டரில் சமனாவதை நான் எத்தனையோ முறை நின்று பார்த்திருக்கிறேன். பிறகு குழந்தை தேறிவந்தால் தன் பாலைப் பாலாடையில் புகட்டுவாள். தேறாவிட்டாலும் அந்த ஒரு மணி நேரம் அவளுடையதாக இருக்கும்.

பெயரும் வையுங்கள். தொட்டிலில் போடும் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். இன்குபேட்டரில் இப்போது ‘பேபி ஆஃப்’ என்று போட்டு உங்கள் தங்கை பெயர்தான் இருக்கும். ஒரு வீட்டில் தாய்மாமனே வந்து காதில் மூன்று முறை பெயர் சொன்னார். எங்கள் ஜூனியர் நர்ஸ் அந்த அட்டையைக் கழற்றி, பெயரை ஸ்கெட்ச் பேனாவால் எழுதி, ஓரத்தில் ஒரு சின்னப் பூவும் வரைந்து திரும்ப ஒட்டினாள். அந்த அட்டை இப்போது அந்த வீட்டு பீரோவில் இருக்கிறது. உங்கள் அம்மா கறுப்புக் கயிறு கட்டவேண்டும் என்றால் கையில் கட்டக் கூடாது, தோல் அறுபடும். இன்குபேட்டரின் வெளிப்பிடியில் கட்டலாமா என்று கேளுங்கள். நான் இருந்த இடங்களில் யாரும் மறுத்ததில்லை.

மாப்பிள்ளையை மறந்துவிடாதீர்கள். மருந்துச் சீட்டோடு ஓடுவதும் கையெழுத்துப் போடுவதும் அவர்தான். அவர் சாப்பிட்டாரா என்று கேட்க யாரும் இருக்கமாட்டார்கள். பணக்கவலை பாதி உயிரை வாங்கும். அரசு மருத்துவமனையில் நோயுற்ற குழந்தைக்கு ஒரு வயது வரை இலவச சிகிச்சைக்கு மத்திய அரசின் ஜனனி சிசு சுரக்ஷா திட்டம் இருக்கிறது. தனியார் என்றால் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் எதுவரை வரும் என்று அந்த ஆஸ்பத்திரியின் காப்பீட்டு கவுன்டரில் நீங்கள் போய்க் கேட்டு, காகிதத்தில் எழுதி அவர் கையில் கொடுங்கள். வீட்டில் இருக்கும் ஐந்து வயதுப் பையனிடம் “பாப்பா தூங்குது” என்று மட்டும் சொல்லாதீர்கள். பாப்பா திரும்பி வராவிட்டால் அவனுக்குத் தூங்கவே பயம் வந்துவிடும். “பாப்பாவுக்கு ரொம்ப உடம்பு சரியில்லை, நீ எதுவும் பண்ணலை, ஒட்டுற காய்ச்சலும் இல்லை” என்பது போதும்.

இனி, நீங்கள் கேட்காத ஒன்று. குழந்தை இன்னும் மோசமாகி, வென்டிலேட்டரால் பலன் இல்லை என்று டாக்டர்கள் நினைத்தால், அதை எடுப்பதைப் பற்றிப் பேச்சு வரலாம். அதற்கு உச்ச நீதிமன்றத்தின் 2018 தீர்ப்பும், 2023-ல் எளிதாக்கிய நெறிமுறையும் இருக்கின்றன. மருத்துவர் குழு இரண்டு கட்டமாகப் பார்க்கவேண்டும், குடும்பத்தின் சம்மதமும் வேண்டும். உங்கள் ஆஸ்பத்திரியில் அது எப்படி நடக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். “நீங்களே முடிவு பண்ணுங்க” என்று முழுப் பாரத்தையும் பெற்றவர்கள் தலையில் வைப்பது சரியில்லை என்பது என் கருத்து. “எங்கள் இடத்தில் நீங்கள் இருந்தால் எது நல்லது என்று சொல்வீர்கள்?” என்று டாக்டரிடம் தாராளமாகக் கேட்கலாம். அப்படி ஒரு நாள் வந்தால் தனி அறை கேளுங்கள், அம்மா மடியில் இருக்கட்டும். குழாய் எடுத்தபிறகு சில நிமிடமா, சில மணி நேரமா, சில நாளா என்று யாராலும் சொல்ல முடியாது. மூச்சு இடைவெளி விட்டு விட்டு வரும். முன்கூட்டியே மருந்து கொடுத்திருந்தால் அது பார்ப்பவர்களுக்குத்தான் கஷ்டமாக இருக்கும். சின்னக் குழந்தை, அம்மா பார்க்கக் கூடாது என்று யாராவது சொல்வார்கள். அவள் பார்க்கவேண்டும் என்றால் பார்க்கட்டும், குளிப்பாட்டவேண்டும் என்றால் குளிப்பாட்டட்டும். இந்த ஒரு இடத்தில் தாய்மாமன் குரலுக்கு வீட்டில் மதிப்பு அதிகம், அதைப் பயன்படுத்துங்கள். பாதச்சுவடு எடுத்து வைத்துக்கொள்ளலாம், கேட்டால் நாங்களே மை தடவி எடுத்துக் கொடுப்போம்.

குழந்தை போனாலும் பால் நிற்காது, இதை யாரும் முன்னாலேயே சொல்வதில்லை. மார்பு கல் மாதிரிக் கட்டி, காய்ச்சலும் வரலாம். குளிர்ந்த துணி வைத்து, வலி குறையும் அளவு மட்டும் பிழியலாம். பால் வற்ற மாத்திரையும் உண்டு, ஆனால் ரத்த அழுத்தம் இருந்தவளுக்கு டாக்டரைக் கேட்காமல் கூடாது. மல்லிகைப்பூவை மார்பில் கட்டும் நம் பாட்டி வழக்கத்தை 1980களில் ஒரு சிறிய ஆய்வில் மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்து, பால் குறைகிறது என்றே எழுதினார்கள். சில அம்மாக்கள் சில நாள் பாலைத் தாய்ப்பால் வங்கிக்குக் கொடுக்க விரும்புவார்கள். விருப்பம் இருந்தால் மட்டும். பிறப்பையும் இறப்பையும் இரண்டையும் 21 நாளுக்குள் பதிவு செய்யவேண்டும். தங்கை மத்திய அரசு ஊழியர் என்றால் 2022 ஆணைப்படி 60 நாள் சிறப்பு விடுப்பு உண்டு. “வயசு இருக்கு, அடுத்தது பெத்துக்கலாம்” என்று சொல்ல வருகிறவர்களை வாசலிலேயே பிடித்துக்கொள்ளுங்கள்.

குழந்தை தேறி வீட்டுக்கு வந்தால் அது வேறு ஒரு நீண்ட வேலை. மூக்குக்குழாயில் பால், வலிப்பு மருந்து, கண் பரிசோதனை, இயன்முறைப் பயிற்சி என்று வருடக்கணக்கில் போகும். ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்திய காரியக்ரம் திட்டத்தில் குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளைப் பார்க்கும் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் மாவட்ட அளவில் இருக்கின்றன. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து ஆதரவு சிகிச்சையும் இயன்முறையும் கொடுக்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவிடுங்கள். வாரத்தில் ஒரு இரவாவது குழந்தையை நீங்களோ உங்கள் மனைவியோ பார்த்துக்கொண்டு தங்கையைத் தூங்கவிடுங்கள்.

இதெல்லாம் அப்புறம். நாளைக் காலை டாக்டர்களின் ரவுண்ட்ஸ் பத்து, பத்தரைக்கு முடியும். அதற்குப் பிறகு தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் மணி அடித்து, பொறுப்புச் செவிலியரிடம் “குழந்தையின் அம்மாவை வீல்சேரில் கூட்டி வருகிறோம், கொஞ்ச நேரம் கை வைத்துக்கொண்டு இருக்கலாமா” என்று கேளுங்கள். மானிட்டர் கத்தினால் பயப்படவேண்டாம் என்று அவளிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், பாதி நேரம் அது ஆக்ஸிஜன் அளவு பார்க்கக் காலில் கட்டிய சிவப்பு விளக்கு நழுவுவதால் வரும் சத்தம். உட்கார ஒரு ஸ்டூல் கேட்டு வாங்கிப் போடுங்கள், ஆபரேஷன் வயிற்றோடு அவளால் ரொம்ப நேரம் நிற்க முடியாது.